மாதிரிப்பட்டிக்குத் தண்ணீர்

1988 ஏப்ரல் 11, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தர்மபுரியில் வறட்சி நிவாரணத் துளைப்புப் பிரிவின் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இயக்கிவைக்கப்பட்டது. அன்று சூசையப்பன் கொட்டாய் என்ற குக்கிராமத்தின் கிணறு வற்றி எண்பத்தோராவது நாள்.

மறுநாள் அந்தக் கொட்டாயைச் சேர்ந்த பெரியநாயகம் பாப்பாரப்பட்டிவரை நடந்தும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்து, அலுவலக வாசலில் செருப்போடு நின்றார். பியூன் சென்னப்பன் அவரைத் தடுத்தார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"ஏங்க, கோயிலா இது?"

"கோயில்ல சாமிக்கு மட்டுந்தான் ஃபேன் போடுவாங்க. இங்க அதுக்கு ஏசியே போட்டிருக்குது. தூசு ஆகாதாம். இன்ஜினியரே வெறுங்கால்லதான் போறாரு, நீங்க என்ன."

பெரியநாயகம் கழற்றினார். ஐம்பது வயது, மூன்று ஏக்கர் மேட்டுநிலம், இந்த ஆண்டு ராகியும் இல்லை, கொள்ளும் இல்லை. அதையெல்லாம் அவர் ஒருவாறு தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. மூத்த மகள் ராஜமேரியை முதல் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். மே இரண்டாம் வாரம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதியமான்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மாள் ஆள் விட்டிருந்தார்: இந்த மாதக் கடைசிக்குள் கொட்டாயில் தண்ணீர் வராவிட்டால் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்வோம், குளிக்கவைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் எங்கள் பிள்ளை பிறக்க வேண்டியதில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து மனைவி லூர்தம்மாள் அவரிடம் பேசவில்லை. முப்பத்துநான்கு வீடுகளில் ஏழு வீடுகள் ஏற்கெனவே பூட்டியாயிற்று. ஆட்கள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

மாவட்டத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அது ஏப்ரல் முப்பதுவரை இருக்கும். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை இந்த முறை அதிகாரிகள் தீர்மானிக்கப் போவதில்லை, கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பெரியநாயகத்துக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாது.

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆபரேட்டர் முனிராஜ் உட்கார்ந்திருந்தான். வெளியே நூற்று இரண்டு டிகிரி. படிவத்தை வாங்கி ஒவ்வொரு கட்டமாக ஆங்கில எழுத்தில் தட்டினான். ஊர், வட்டம், மக்கள்தொகை எல்லாம் போனது. பிறகு நின்றது.

"தற்போதைய நீர் ஆதாரம்ங்கற எடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லீங்களே."

"இல்லைங்கறது இல்லீங்க. அஞ்சு வார்த்தைதான் ஒத்துக்கும். கிணறு, ஏரி, ஆறு, வாய்க்கால், கைப்பம்பு. நீங்க எழுதினத அந்த அஞ்சோட ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாக்கும். எதோடயும் ஒட்டலைன்னா 'செல்லாத மதிப்பு'ன்னு சொல்லிடும்."

"தண்ணி இல்லாததாலதானே தம்பி தண்ணி கேக்க வந்திருக்கறோம்."

"அது எனக்குப் புரியுதுங்க," என்றான் முனிராஜ், திரையைக் காட்டி. "அதுக்குப் புரியணுமே."

பெரியநாயகம் யோசித்தார். கிணறு இருக்கத்தான் செய்கிறது. எழுபதடி ஆழம், கல் கட்டியது, அவருடைய அப்பா தோண்டியது. 'கிணறு' என்று திருத்திக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது. அடுத்த கட்டத்தில் நின்றது.

"கிணறுன்னு சொன்னா, அதுல தண்ணி எப்படின்னு கேக்குது. 'நல்லது', 'போதுமானது'. இந்த ரெண்டுல ஒண்ணு. 'வற்றியது'ங்கறது செல்லாது."

"அப்ப 'நல்லது'ன்னே போட்டுடு தம்பி. மாதாவே மன்னிச்சுடுவாங்க."

"போடலாம். ஆனா ரெண்டுல எதைப் போட்டாலும் அடுத்த கட்டத்துல ஆய்வுக்கூடத்து நம்பர் கேக்கும். அந்த நம்பரை ஆய்வுக்கூடத்துப் பதிவோட ஒப்பிடும். அந்தக் கிணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு, இந்த ஆபீஸ் ஆளு சீல் வச்சு, அவங்க சோதிச்சு 'நல்லது'ன்னு எழுதியிருக்கணும். மூணும் ஒத்துப்போனாத்தான் ரிக்கு."

"தண்ணி நல்லா இருக்கற ஊருக்கு ரிக்கு எதுக்குப்பா?"

முனிராஜ் ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டான். "இன்ஜினியரைப் பாருங்க."

இன்ஜினியர் அர்ச்சுனன் கெட்ட மனிதர் அல்ல. வந்தவரை உட்காரச் சொன்னார். தன் அறைக்கு ஏசி இல்லை என்பதை மட்டும் முதலிலேயே குறிப்பிட்டார்.

"பெரியவரே, முன்னாடியெல்லாம் யார் வேணும்னாலும் 'எங்க ஊர்ல தண்ணி இல்ல'ன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. எதைவெச்சு நம்பறது? எந்தெந்த வார்த்தை செல்லும்ங்கறதை மெட்ராஸ்காரங்க எங்க வேலை முடிப்புப் பதிவேட்டப் பாத்துத்தான் எடுத்தாங்க. துளை போட்டு முடிச்ச முந்நூத்து நாப்பது ஊரோட பதிவேடு. அதுல ஒரு ஊர்லகூட 'தண்ணி இல்லை'ன்னு இல்ல."

"துளை போட்டு முடிச்ச ஊருங்களா?"

"ஆமா."

"போட்டு முடிச்சா தண்ணி இருக்குமுங்களே."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் இன்ஜினியர் திருப்தியுடன். "எங்க வேலை அப்படி."

பெரியநாயகம் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பட்டியலில் 'இல்லை' என்று ஆறாவதாக ஒரு வார்த்தையைச் சேர்க்க முடியாதா என்று கேட்டார்.

"சேர்க்கலாமே. வழி இருக்குது. அந்த வார்த்தையோட ஒரு விண்ணப்பமாவது ஏற்கெனவே ஏத்துக்கிட்டிருக்கணும். அந்த விண்ணப்பத்தோட நகலை வெச்சு மெட்ராஸுக்கு எழுதினா, அவங்க சேர்த்துடுவாங்க."

"சேர்த்தாத்தானுங்களே ஏத்துக்கும்."

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுமட்டுமில்ல. 'இல்லை'ங்கறத பட்டியல்ல ஏத்தினா, நம்ம மாவட்டத்துல தண்ணி இல்லாத ஊர் இருக்குதுன்னு நாமளே ஒத்துக்கறதா ஆயிடும். நேத்து மேல ஒரு அறிக்கை அனுப்பினேன். தண்ணியில்லாத ஊர் எண்ணிக்கை பூஜ்யம். கம்ப்யூட்டர் போட்ட அறிக்கை. பாராட்டு வந்திருக்குது."

வெளியே வந்தபோது சென்னப்பன் செருப்பைக் காவல்காத்துக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குச் சீல் வைக்கும் ஆபீஸ் ஆள் தான்தான் என்றும், அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகவும் சொன்னார்.

கொட்டாயில் அன்று சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். நல்லது என்று எழுத வேண்டுமானால் கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டுமானால் யாராவது ஊற்ற வேண்டும். சொன்னவர் யாரென்று பிறகு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஐந்து கிலோமீட்டர் நடந்து, ஒரு கரும்புத் தோட்டக்காரரின் மோட்டாரிடம் காலையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வீட்டுக்கு இரண்டு குடம் கொண்டுவருவது வழக்கம். அதில் ஒரு குடம் கிணற்றுக்கு.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இருபத்தேழு வீடுகளிலிருந்து இருபத்தேழு குடம் வந்தது. லூர்தம்மாளும் ஒரு குடம் கொண்டுவந்தாள். ஊற்றுவதற்கு முன் அவள் ஒரு கணம் நின்று, குடத்துக்குள் பார்த்தாள். எட்டு நாளில் முதல்முறையாகப் புருஷனிடம் பேசினாள்.

"குடிக்கற தண்ணியக் கிணத்துல கொட்டச் சொல்ற கவர்மெண்டு எந்த ஊர்லயாவது இருக்குதா?"

"நம்மளாத்தான் ஊத்தறோம். அவங்க சொல்லல."

"அவங்க சொல்லாமலே செய்ய வெச்சாங்க பாரு. அதான் கவர்மெண்டு."

ஊற்றினாள். அடியில் பிளந்து கிடந்த களிமண், ஒவ்வொரு குடத்தையும் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தத்தோடு வாங்கிக்கொண்டது. இருபத்தேழாவது குடம் விழுந்தபோது எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் ஈரம் மின்னியது. ஏழரைக்கு வர வேண்டிய சென்னப்பன், பஸ் பஞ்சராகி ஒன்பதரைக்கு வந்தார். அதற்குள் வெயிலும் மண்ணும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன.

சென்னப்பன் வாளியை இறக்கினார். ஏறிவந்ததில் ஒரு கையளவு சேறு இருந்தது. சுற்றி நின்ற முகங்களையும், கிணற்றடியில் வரிசையாகக் காலிக் குடங்களையும் பார்த்தார். சேற்றைப் பாட்டிலுக்குள் விரலால் தள்ளி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்.

"நான் பாத்தது கிணறு. எடுத்தது அதுலருந்து. அவ்வளவுதாங்க என் கையெழுத்து," என்றார். பிறகு தோள்பையிலிருந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, நிறைமாதமாக நின்ற ராஜமேரியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

ஏப்ரல் 21 அன்று ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்தது. சோதனைக்குப் போதுமான திரவம் இல்லை என்று எழுதியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். பெரியநாயகம் மூன்று மணிக்கே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். அவரைப்போல வேறு ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வெறுங்காலோடு நின்றார்கள். ஏரி என்று எழுதியவர் ஏரியில் தண்ணீர் காட்ட முடியாமல் திரும்பியிருந்தார். சித்தேரி மலையிலிருந்து வந்தவர் 'ஊற்று' என்று எழுதியிருந்தார். ஊற்று ஐந்தில் ஒன்று அல்ல. பெரியநாயகம் சன்னல் வழியே கடைசியாக ஒருமுறை கேட்டார்.

"தம்பி, கண்ண மூடிக்கிட்டு ஒரு நம்பரைத் தட்டேன். பேறுகாலத்துப் பொண்ணு வூட்ல இருக்குது."

முனிராஜ் கதவைப் பார்த்தான். ஒரு எண்ணைத் தட்டினான். திரை மினுக்கியது. இன்னொன்றைத் தட்டினான். நான்கு முறை தட்டினான். ஸ்வெட்டருக்குள்ளேயும் அவனுக்கு வியர்த்தது.

"ஊர் பேரும் நம்பரும் ஒட்டணும்ங்க. ஒட்ட மாட்டேங்குது."

ஐந்து மணிக்கு அச்சு இயந்திரம் கிறீச்சிட்டது. தகுதிபெற்ற ஊர்களின் பட்டியல், நீளமான தாளில், ஒரே ஒரு வரியாக வந்தது. இன்ஜினியர் அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் முன் வந்தார்.

"நூத்துப் பத்தொம்போது விண்ணப்பம் வந்துச்சு. நூத்துப் பதினெட்டு தப்பு. கம்ப்யூட்டர் மட்டும் இல்லைன்னா இந்தத் தப்பெல்லாம் உள்ள போயிருக்கும். எல்லா மதிப்பும் சரியா இருக்கற ஊர் ஒண்ணே ஒண்ணு. மாதிரிப்பட்டி, பென்னாகரம் வட்டம்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. அந்த ஊர்க்காரர் யாரும் முன்னால் வரவில்லை. முனிராஜ் மட்டும் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, இன்ஜினியர் திரும்பியதும் உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சென்னப்பன்தான் விஷயத்தைச் சொன்னார். திறப்பு விழாவன்று சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி பொத்தானை அழுத்தி ஏற்றுவதற்கு ஒரு விண்ணப்பம் தேவைப்பட்டது. நிஜ விண்ணப்பம் எதைப் போட்டாலும் செல்லாத மதிப்பு என்று வந்து மானம் போகும். அதனால் புரோகிராமர், செல்லுகிற வார்த்தைகளாகவே பொறுக்கி ஒரு ஊரை உண்டாக்கினான். நீர் ஆதாரம் ஏரி, தண்ணீர் நல்லது. ஆய்வுக்கூடத்துக்கு அலுவலகப் பானையிலிருந்தே ஒரு பாட்டில் போனது.

"அப்ப அத அழிச்சுடலாமுங்களே."

"முனிராஜ் கேட்டுப் பாத்தான். பெரியவரு கையால அழுத்தின மொதல் பதிவாம். அழிக்கறதுக்கு அவரே உத்தரவு போடணுமாம். அவரு இப்ப ஜப்பான்ல இருக்கறாரு, இதே மாதிரி ஒண்ணப் பாக்கப் போயிருக்கறாராம்."

திங்கட்கிழமை ரிக் லாரியும் அதன் பின்னால் கம்ப்ரஸர் லாரியும் புறப்பட்டன. புதன்கிழமை மதியம் பெரியநாயகம் பாப்பாரப்பட்டிச் சந்தை ஓரத்து டீக்கடையில் அவற்றைப் பார்த்தார். ரிக் டிரைவர் மாதையன் லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

"ஏங்க, மாதிரிப்பட்டி எங்க இருக்குது?" மாதையன் படுத்தபடியே கேட்டார். "மூணு நாளா டீசல்தான் குடிக்குது வண்டி. கேக்கறவன் எல்லாம் ஏரியூருக்குப் போங்கறான், பாலக்கோட்டுக்குப் போங்கறான். ஏரி இருக்கற ஊராம். ஏரி இருக்கறவனுக்கு நான் எதுக்குடா துளை போடணும்?"

பெரியநாயகம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பத்துக் கட்டளைகளில் எட்டாவது பொய்சாட்சி சொல்லாதே என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதோடு, சனிக்கிழமை ரிக் அடுத்த மாவட்டத்துக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் கார் எடுத்துக்கொண்டு வருவார் என்பதும் தெரியும்.

"நான் அந்த ஊருதானுங்க," என்றார்.

மாதையன் எழுந்து உட்கார்ந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். உதடு வெடித்திருந்ததையும், வேட்டி பத்து நாள் துவைக்கப்படாததையும் பார்த்தார்.

"ஏரி?"

"இருந்துச்சுங்க."

"ஏறுங்க," என்றார் மாதையன்.

கொட்டாய்க்குள் இரண்டு லாரிகளும் நுழைந்தபோது நாய்கள்கூடக் குரைக்கவில்லை. பெரியநாயகம் வீட்டுக்குள் போய், இன்றுமுதல் நாம் மாதிரிப்பட்டி, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று லூர்தம்மாளிடம் சொன்னார்.

"பொய் சாட்சி ஆகாதா?" என்றார் பிறகு, தானாகவே.

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம். மொதல்ல வாய் நனையட்டும். ஒலந்த வாயில பாவத்தச் சொன்னா அவருக்குக் கேக்காது."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் துளை ஆரம்பித்தது. நூறு அடியில் சிவப்புப் புழுதி. நூற்றைம்பதில் சாம்பல் நிறப் பாறைப் பொடி. அது முருங்கை மரங்கள், கூரைகள், மாதாவின் சிறிய குருசடி எல்லாவற்றின் மேலும் படிந்தது. இருநூறு அடியில் பொடி. இருநூற்றைம்பதில் பொடி. உத்தரவில் முந்நூறு அடிதான் எழுதியிருந்தது. மாதையன் ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் பொடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து உதறினார். ராஜமேரி வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

இருநூற்றெண்பதில் ஒரு ஜீப் வந்தது. இன்ஜினியர் அர்ச்சுனன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கையில் கோப்பு. பெரியநாயகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க அந்தச் சூசையப்பன் கொட்டாய்காரர்தானே? கிணறு, வற்றியது?"

இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. இருபத்தேழு குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியநாயகத்துக்கு சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இந்த வயதில் ஜெயிலுக்குப் போனாலும் துளை இருக்கும்.

"ஐயா, உண்மையச் சொல்லிடறேங்க. இது மாதிரிப்பட்டி..."

"இருங்க." இன்ஜினியர் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்து போனது. "உத்தரவுல மாதிரிப்பட்டின்னு இருக்குது. ரிக் நிக்கற எடம் மாதிரிப்பட்டி. இது மாதிரிப்பட்டி இல்லைன்னா, பெரியவரு அழுத்தின மொதல் பதிவே தப்புன்னு ஆகும். நான் கம்ப்யூட்டரை நம்பறதா, உங்க மூஞ்சிய நம்பறதா?"

"மூஞ்சி என்னுதுதானுங்க..."

"சூசையப்பன் கொட்டாய்ன்னு ஒரு ஊர் வந்துச்சு. எல்லா மதிப்பும் தப்பு. நிராகரிச்சாச்சு. அந்த ஊரைப் பத்தி என்கிட்ட இனிமே பேசாதீங்க." கோப்பைத் திறந்தார். "ஏரி எங்க?"

பெரியநாயகம் மேற்கே கை காட்டினார். அங்கே ஊர்க்காரர் இன்னாசியின் கொள்ளுக்காடு வெறும் பள்ளமாகக் கிடந்தது. இன்ஜினியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தண்ணி?"

"நல்லதுங்க."

"நல்லது," என்று எழுதிக்கொண்டார்.

முந்நூறு அடியில் பொடி. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துப் போதும் என்று சைகை காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்புவதை மாதையன் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஓடைக்குள் இறங்கி மறைந்ததும், உத்தரவில் இல்லாத இன்னொரு குழாயை மாட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டாவது அடியில் சத்தம் மாறியது. பொடி சேறாயிற்று, சேறு கலங்கலாயிற்று, பிறகு ஒரு பனைமரத்தின் பாதி உயரத்துக்கு அது எழும்பி எல்லோர் மேலும் விழுந்தது. லூர்தம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு நேராக நடந்தாள்.

மே 9 அன்று ராஜமேரிக்கு அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. வெந்நீர் இரண்டு அண்டா வைத்தார்கள். பதிவுக்கு வந்த நர்ஸ், புதுத் துளையில் மாட்டிய கைப்பம்பில் பெயிண்டால் எழுதியிருந்த பெயரைப் பார்த்துப் பிறந்த ஊர் மாதிரிப்பட்டி என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஜூலை மாதம் சூசையப்பன் கொட்டாயின் பழைய விண்ணப்பம், பிழைகளைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம் என்ற குறிப்போடு தபாலில் திரும்பி வந்தது. பெரியநாயகம் உண்மையை எழுதினார். நீர் ஆதாரம் கைப்பம்பு. தண்ணீர் நல்லது. சென்னப்பன் வந்து பாட்டிலில் பிடித்துச் சீல் வைத்தார். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டது.

அக்டோபர் 3, திங்கட்கிழமை, சூசையப்பன் கொட்டாய்க்குத் துளை போட, மாவட்டத்துக்குத் திரும்பி வந்த ரிக்குடன் மாதையன் வந்தார். பெரியநாயகம் லாரியில் ஏறி, அவரை மூன்று கிலோமீட்டர் தள்ளி, கிணறு வற்றிக் கிடந்த ஆண்டி கொட்டாய்க்குக் கூட்டிப்போனார். இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்தது. ஆண்டி கொட்டாய்க்காரர்கள் ஐந்து பேர் சூசையப்பன் கொட்டாய்க்காரர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆண்டி கொட்டாய் தன் பெயரில் போட்டிருந்த விண்ணப்பம் செல்லாத மதிப்பு என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டு, பிழைகளைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது.